எண் கொடுக்காவிட்டால்

மார்ச் 3

என் டைப்புக்கு,

அப்பா எழுதுகிறேன். போன் பண்ணினால் எடுக்கமாட்டேன், வேண்டுமானால் கடிதம் எழுதட்டும் என்று அம்மாவிடம் சொன்னாயாமே. அதனால் நேற்று தபால் ஆபீசுக்குப் போய் வரிசையில் நின்று கவர் வாங்கினேன். கவுன்ட்டரில் இருந்த அம்மாள், "யாருக்கு சார், கோர்ட்டுக்கா?" என்றார். "இல்லைங்க, கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கிற என் பொண்ணுக்கு" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். என் முகராசி அப்படி. நான் எதைச் சொன்னாலும் ஜனங்களுக்குச் சிரிப்பு வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பதினாறு மாதம் முன்னால், நீ ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின சாயந்திரம், வேலைநீக்கக் கடிதம் அடிக்க ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாயே, அது இன்றைக்கும் குதிரை மாதிரி ஓடுகிறது. அந்தக் கறுப்பு ஜன்னலைத் திறக்கிறேன். python notice.py என்று அடிக்கிறேன். ஓர் இடம் விட்டு, வீட்டுக்குப் போக வேண்டியவரின் ஊழியர் எண்ணை அடிக்கிறேன். என்டர். பெயர், பிரிவு, சேர்ந்த தேதி எல்லாம் பட்டியலிலிருந்து தானே வந்து உட்கார்ந்து, கீழே மேலாளரின் கையெழுத்தும் விழுந்து, பிரின்டர் துப்பிவிடுகிறது. ஒரு நகல் மெயிலில் தலைமை அலுவலகத்துக்குப் பறந்துவிடுகிறது. முன்பெல்லாம் ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்ப எனக்கு அரை மணி நேரம் ஆகும். இப்போது நாலு செகண்ட். என் வீங்கின விரல்கள் உன்னை வாழ்த்துகின்றன.

சிக்கல் என்னவென்றால், மேலாளர் மாறிவிட்டார். புதியவருக்கு என் வயதில் பாதி. ஆனால் கடிதத்தில் பழையவர் பெயரே விழுகிறது. புரோகிராமைத் திறந்து பார்த்தேன். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. பழையவர் பெயர் அதில் எங்கேயும் இல்லை! இல்லாத பெயர் எப்படி வருகிறது? பத்தாவதை இரண்டு தடவை எழுதித் தேறினவனுக்கு இவ்வளவு பெரிய சோதனை வைக்கலாமா?

பேக்கிங் பிரிவை மூடுகிறார்கள். அடுத்த மாதக் கடைசிக்குள் அறுபத்திரண்டு கடிதம் போக வேண்டும். எனக்கு ரிட்டயர்மென்டுக்கு இன்னும் ஒன்பது மாதம். அதுவரை இந்த நாற்காலியும், தலைக்கு மேலே இந்தக் குவார்ட்டர்ஸும் வேண்டும். அதனால் சீக்கிரம் பதில் போடு.

உன் அப்பா
(பூட்டுக் கம்பெனி, ஊழியர் எண் 417)


மார்ச் 9

அப்பா,

முதலில் ஒன்று. டைப்பு என்று எழுதாதீர்கள். கவரின் மேலேயும் அதையே எழுதியிருந்தீர்கள். விடுதிக் காவலாளி அதைச் சத்தமாகப் படித்துத்தான் என்னிடம் கொடுத்தார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். ஒரு புரோகிராமுக்கு விஷயம் இரண்டு வழியில் போய்ச் சேரும். ஒன்று, அதைக் கூப்பிடும்போது அதன் பெயருக்குப் பின்னால் நீங்கள் அடிப்பது. அதை sys.argv என்ற பட்டியலில் அது வாங்கிக்கொள்ளும். பட்டியலில் பூஜ்யமாவது இடத்தில் அதன் சொந்தப் பெயர் இருக்கும். ஒன்றாவது இடத்தில் நீங்கள் கொடுத்த எண். அது நீங்கள் வாய்விட்டுச் சொன்னது.

இரண்டாவது வழி, யாரும் எதையும் சொல்வதற்கு முன்பே அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது. அதற்குச் சூழல் மாறி என்று பெயர். os.environ என்று கேட்டு எடுத்துக்கொள்ளும். ஒரு வீட்டுக்குள் நுழைந்தவுடன், யாரும் சொல்லாமலே அந்த வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்று தெரிந்துவிடும் இல்லையா, அந்த மாதிரி. பழைய மேலாளர் பெயர் அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் புரோகிராமுக்குள் உங்களுக்கு அகப்படவில்லை.

கறுப்பு ஜன்னலில் set என்று மட்டும் அடித்து என்டர் தட்டுங்கள். நீளமாக ஓடும். அதில் MELALAR என்ற வரியில் பழையவர் இருப்பார். set MELALAR= என்று அடித்து, இடம் விடாமல் புதியவர் பெயரை அடியுங்கள்.

TAYAR என்று இன்னொரு வரி இருக்கும். அதில் 417, உங்கள் எண். கடிதத்தின் அடியில் 'தயாரித்தவர்' என்று விழுவதற்காக வைத்தது. அதைத் தொட வேண்டாம்.

அம்மாவின் கண் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.


மார்ச் 15

அன்புள்ள மகளுக்கு,

(பார்த்தாயா, டைப்பு என்று எழுதவில்லை. கை அந்தப் பக்கம் போனது. இழுத்துப் பிடித்தேன்.)

set அடித்தேன். அம்மாடி! கம்ப்யூட்டரின் வயிற்றைக் கிழித்துப் பார்த்த மாதிரி எத்தனை வரிகள். MELALAR-ஐக் கண்டுபிடித்து மாற்றினேன். புது மேலாளர் பெயர் பளிச்சென்று விழுந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சாப்பாட்டுக்குப் போகும்போது ஜன்னலை மூடினேன். திரும்பி வந்து திறந்தால், பழையவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார்! "சார், நான் ஜன்னலை மூடினா உங்க பதவி போயிடுது, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்றேன் புதியவரிடம். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சின்ன வயது, பழகிவிடுவார். இதற்கு மருந்து என்ன?

அம்மா கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறாள். நான் விட்டால் மூக்கில் விழுகிறது என்று அவளே விட்டுக்கொள்கிறாள்.

ஆபீஸ் கலகலப்பாகத்தான் இருக்கிறது, நான் இருக்கிறேனே. நேற்று 212-க்குக் கடிதம். பேக்கிங்கில் இருபத்திரண்டு வருஷமாகப் பூட்டுக்கு உறை போடுகிற அம்மாள். "என்ன தங்கச்சி, உனக்கு ஒரு லெட்டர் வந்திருக்கு, வீட்டுக்காரருக்குத் தெரியாம வாங்கிக்க" என்று நீட்டினேன். கண்ணாடி கொண்டுவரவில்லை, நீங்களே படிச்சுச் சொல்லுங்க அண்ணே என்றாள். சும்மா படித்தால் என்ன சுவாரசியம்? ரேடியோவில் செய்தி வாசிப்பவர் குரலில் வாசித்தேன். "தங்கள் இதுநாள் வரையிலான சேவைக்கு நன்றி. இன்று முதல் தங்கள் சேவை தேவைப்படாது. தங்களிடம் உள்ள அடையாள அட்டையையும் நிறுவனப் பொருள்களையும் ஒப்படைக்கவும்." கடைசியில், "இத்துடன் செய்திகள் முடிவடைந்தன." வரிசையில் நின்ற பத்துப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அழுதுகொண்டே வாங்குவதை விட இது தேவலை அல்லவா? என்னால் முடிந்த உதவி.

கடிதத்தோடு ஒப்புகைச் சீட்டு ஒன்று இருக்கும். பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அடியில் 'குறிப்பு' என்று ஒரு கோடு. அதில் ஒவ்வொருத்தரும் எழுதுவதைப் படித்தால் நாவலே எழுதலாம். ஒருவர் 'பேனா சரியில்லை' என்று எழுதினார். இன்னொருவர் மேலாளரின் பரம்பரையையே எழுதினார், கோடு போதாமல் பின்பக்கமும். என் கையில் அப்படி ஒரு சீட்டுக் கிடைத்தால் அந்தக் கோட்டைக் காலியாக விடுவேனா? எனக்கு அடைப்புக்குறி இல்லாமல் ஒரு கடிதமே எழுத வராது. (பார்.)

உன் அப்பா


மார்ச் 20

அப்பா,

set என்பது அந்த ஜன்னல் திறந்திருக்கும் வரைக்கும்தான். நிரந்தரமாக மாற்ற, set-க்குப் பதிலாக setx அடியுங்கள். இதில் '=' வேண்டாம், ஓர் இடம் விட்டு, பெயரை மேற்கோள் குறிகளுக்குள் கொடுங்கள். திறந்திருக்கும் ஜன்னலுக்கு அது தெரியாது. மூடிவிட்டுப் புதிதாகத் திறந்தால்தான் தெரியும்.

212 சிரித்தாரா? வரிசையில் நின்றவர்களைப் பற்றிக் கேட்கவில்லை. அவரைப் பற்றிக் கேட்கிறேன். குறிப்பில் என்ன எழுதினார்?


ஏப்ரல் 2

அன்புள்ள மகளுக்கு,

இந்தக் கடிதத்தை வீட்டிலிருந்து எழுதுகிறேன், வேலைநாளில், காலை பதினொரு மணிக்கு. உன் அப்பாவுக்கு வேலை போய்விட்டது. வேலையை விட்டு நீக்கியது யார் தெரியுமா? உன் அப்பாவேதான்!

போன வியாழக்கிழமை வரிசையாகக் கடிதம் அடித்துக்கொண்டிருந்தேன். பியூன் பக்கத்தில் நின்றான். அவனுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டே python notice.py வரைக்கும் அடித்தேன். கதையின் கடைசி வரி வந்தது. அவன் சிரித்தான். அந்தச் சந்தோஷத்தில் எண்ணை அடிக்க மறந்து என்டரைத் தட்டிவிட்டேன். பிரின்டர் துப்பியது. எடுத்துப் பார்த்தால் என் பெயர். எழுத்தர், பொதுப் பிரிவு, சேர்ந்து முப்பத்தொரு வருஷம், தங்கள் சேவைக்கு நன்றி!

எனக்கு ஒரே குஷி. சுவரில் ஒட்டினேன். மேலாளரைக் கூட்டி வந்து காட்டினேன். பிரிவு பிரிவாகப் போய், "என்னையும் அனுப்பிட்டாங்கப்பா, யாராவது பிரிவு உபசாரம் வைங்க" என்றேன். நகல் மெயிலில் பறந்துபோனது மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை வாசலில் அட்டையைத் தேய்க்கிறேன், கதவு திறக்கவில்லை. செக்யூரிட்டி பட்டியலைப் பார்த்தான். "சார், உங்க நம்பர் நீக்கிட்டாங்க." "டேய், நான்தான்டா அந்த லெட்டரையே அடிச்சது." "அதான் சார், அடியில தயாரித்தவர்னு உங்க நம்பரே போட்டிருக்காம்." பூட்டுக் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் இருந்துவிட்டு வெளியே பூட்டப்பட்ட முதல் ஆள் நான்தான். அவனும் சிரித்தான், நானும் சிரித்தேன். வீட்டுக்கு நடந்து வந்து, அங்கேயும் கதவில் அட்டையைத் தேய்க்கப் போனேன்.

தலைமை அலுவலகம் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. கடிதம் முறைப்படி வந்திருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, வேண்டுமானால் விசாரணைக்கு வா என்கிறது. தேதி ஏப்ரல் 20. தோற்றால் அந்த மாதத்தோடு குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். உன் அம்மா இரண்டு நாளாகப் பாத்திரங்களை எடுத்து எடுத்துப் பார்த்துத் திரும்ப அதே இடத்தில் வைக்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நான் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவேன் என்று பயமோ என்னமோ.

எண் கொடுக்காமலே என் எண் எப்படி வந்தது? எனக்குப் புரியவில்லை. அவர்களுக்குப் புரியும்படி நீ ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். இது ஆள் செய்ததல்ல, இயந்திரம் செய்தது என்று. உன்னை விட்டால் எனக்கு யார்?

நீ கேட்டிருந்தாயே, 212 குறிப்பில் என்ன எழுதினாள் என்று. ஒன்றும் எழுதவில்லை. கையெழுத்துப் போட்டாள், கோட்டைக் காலியாக விட்டுவிட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். சிரித்தாளா என்று ஞாபகமில்லை.

உன் அப்பா
(முன்னாள் 417)


ஏப்ரல் 7

அப்பா,

புரோகிராமை அச்சடித்து வைத்திருப்பீர்கள். ஒன்பதாவது வரியைப் பாருங்கள்.

en = sys.argv[1] if len(sys.argv) > 1 else os.environ["TAYAR"]

இதன் பொருள்: எண் கொடுத்திருந்தால் அதை எடு. கொடுக்காவிட்டால், சூழலில் இருக்கும் தயாரித்தவர் எண்ணை எடு. ஒழுங்கான புரோகிராம் அந்த இடத்தில் நின்றுவிட வேண்டும். 'எண் எங்கே?' என்று கேட்க வேண்டும். கொடுக்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் இப்படி எழுதினேன்.

அந்த நாளை உங்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன். காலையில் என் புது அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நீங்கள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டீர்கள். அம்மா இருந்தாள், பக்கத்து வீட்டுக்காரர் இருந்தார். குழுத் தலைவர், பதிவுக்காக என் பெயரை என்னையே சொல்லச் சொன்னார். நான் முதல் எழுத்தில் திக்கி நின்றேன். எட்டு நொடி, பத்து நொடி. வந்துவிடும் அப்பா. எப்போதும் வந்துவிடுகிறது. காத்திருந்தால் போதும். நீங்கள் காத்திருக்கவில்லை. "சார், இது எங்க வீட்டு டைப்ரைட்டர், ஒரு கீ மாட்டிக்கிச்சு. சாயந்திரம் வரைக்கும் லைன்ல இருப்பீங்களா, இல்ல நானே சொல்லட்டுமா?" என்றீர்கள். என்னைப் போலவே அந்த எழுத்தை நாலு தடவை அடித்துக் காட்டிவிட்டு என் பெயரைச் சொன்னீர்கள். அவர் சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சேர்ந்த அன்றே, வாடிக்கையாளர்களோடு பேச வேண்டாத குழுவில் என்னைப் போட்டார்கள். "உனக்கு இதுதான் வசதி" என்றார்கள். இன்னும் அதே குழுவில்தான் இருக்கிறேன்.

அன்று சாயந்திரம் உங்கள் விரல் வீங்கியிருப்பதைப் பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது. அதனால் புரோகிராம் எழுதினேன். ஒன்பதாவது வரி வந்தபோது நினைத்தேன்: நான் சொல்லத் தாமதித்தால், பக்கத்தில் இருக்கிறவர் என் பெயரைச் சொல்லிவிடுகிறார். அவர் சொல்லத் தவறினால் அவர் பெயரே வரட்டும். அவ்வளவுதான். பதினாறு மாதத்தில் அந்த வரியை மறந்துவிட்டேன் என்று எழுத ஆசை. மறக்கவில்லை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் நீங்கள் கடிதம் அடிப்பீர்கள் என்று தெரியும். ஒவ்வொரு வியாழக்கிழமையும் நினைத்துக்கொள்வேன்.

இத்தோடு விசாரணைக்கான கடிதம் இருக்கிறது. பிழை புரோகிராமில் இருந்தது, எழுதியவள் நான், என் தந்தை எண் கொடுக்கவில்லை என்பதைத் தவிர அவர்மேல் தவறில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இது வெளியே தெரிந்தால் என் வேலைக்கு நல்லதல்ல. அம்மா பாத்திரங்களை எடுத்துப் பார்க்கிறாள் என்று எழுதினீர்கள். அதற்காக.

ஒரே ஒரு நிபந்தனை. அதை எழுதியபடி படியுங்கள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது. என்னைப் போலப் பேசிக் காட்டக் கூடாது. அவர்களுக்குப் புரியாவிட்டால் இன்னொரு முறை படியுங்கள். சிரிக்காவிட்டால் சிரிக்காமலே இருக்கட்டும்.


ஏப்ரல் 12

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை ஒன்பதாவது வரி புரிந்தது. இரண்டாவது தடவை மற்றதெல்லாம். மூன்றாவது தடவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், செய்தி வாசிப்பவர் குரலில் இல்லை. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அவளும்தானே பக்கத்தில் இருந்தாள், ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா என்னையும் சேர்த்துச் சிரிப்பீங்க" என்றாள்.

நான் என்ன செய்யட்டும்? நீ திக்கி நிற்கும்போது நான் உள்ளுக்குள் எண்ணத் தொடங்கிவிடுவேன். அந்த எட்டு நொடியை என்னால் தாங்க முடியாது. யாராவது எதிரில் உன்னைப் பாவமாகப் பார்த்துவிடுவார்களோ என்று முந்திக்கொள்வேன். பாவமாகப் பார்ப்பதை விடச் சிரிப்பது தேவலை என்று இருந்துவிட்டேன். அன்பில்தான் செய்தேன். இதை எழுதும்போது எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது, அதனால் இதற்கு மேல் எழுதவில்லை. எழுதினால் வேடிக்கையாக ஏதாவது வந்துவிடும்.

ஒன்பதாவது வரிக்கு உன்மேல் கோபம் இல்லை. கொஞ்சம் பெருமைகூட. இந்தக் கம்பெனியில் என்னைக் கவிழ்க்க எத்தனை பேர் முயற்சி பண்ணினார்கள் தெரியுமா, ஒருத்தனுக்கும் ஒரே வரியில் முடியவில்லை.

உன் நிபந்தனைக்குச் சம்மதம். எழுதியபடி படிப்பேன். ஒரு வார்த்தை கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன். அம்மா தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணியிருக்கிறேன். அவள் தலையைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள், ஆனாலும் கை பட்டது.

உன் அப்பா


ஏப்ரல் 21

என் தங்கத்துக்கு,

ஜெயித்துவிட்டோம்! வேலை திரும்பக் கிடைத்துவிட்டது! இன்று காலை அட்டையைத் தேய்த்தேன், கதவு திறந்தது. செக்யூரிட்டி சல்யூட் அடித்தான். அம்மா பாத்திரத்தையெல்லாம் கவிழ்த்து அடுக்கிவிட்டாள். மிச்சமுள்ள மாதமெல்லாம் நமதே.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன், நீ கேட்டே ஆக வேண்டும். நீளமான மேஜை. அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நான். தண்ணீர் ஜாடி அவர்கள் பக்கம். உன் கடிதத்தை எடுத்து எழுதியபடியே படித்தேன். சத்தியமாக. முடித்ததும் நடுவில் இருந்தவர், "எண் கொடுக்காம புரோகிராம் தானா எப்படிய்யா ஒருத்தர் பேரை எடுக்கும்? நம்புற மாதிரி இல்லையே" என்றார். நீ சொன்னபடி இன்னொரு முறை படித்தேன். ஓரத்தில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். நடுவில் இருந்தவர் ஃபைலை மூடப் போனார். ஃபைலை மூடினால் முடிந்தது அம்மா. முப்பத்தொரு வருஷமும், வீடும், எல்லாம் அந்த ஃபைலுக்குள் போய்விடும். யாரும் பேசவில்லை. எட்டு நொடி இருக்கும், பத்து நொடி இருக்கும். என்னால் தாங்க முடியவில்லை.

"சார், இப்படிப் பாருங்க" என்றேன். "என் பொண்ணுக்குத் திக்கும். யாராவது உன் பேரு என்னம்மான்னு கேட்டா..." அந்த முதல் எழுத்தில் நின்று காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தை இழுத்துக்கொண்டு, நீ கை விரலைத் தொடையில் தட்டுவாயே, அதையும். "கொஞ்ச நேரம் பார்ப்பேன் சார். அவ சொல்லலன்னா பக்கத்துல இருக்கிற நான் சொல்லிடுவேன். அதேதான் சார் இந்தப் புரோகிராமும். வாயத் திறந்து நம்பர் சொன்னா அதை எடுத்துக்கும். சொல்லலன்னா பக்கத்துல யாரு இருக்கான்னு பார்த்து, அந்த ஆளைப் பிடிச்சுக்கும்!"

புரிந்துவிட்டது! மூன்று பேருக்கும் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவு சிரிப்பு. "இன்னொரு வாட்டி பண்ணுய்யா" என்றார் ஓரத்தில் இருந்தவர். பண்ணினேன். தண்ணீர் ஜாடியை என் பக்கம் தள்ளினார்கள். "போய் வேலையப் பாரு, அடுத்த தடவை நம்பரை அடிச்சுட்டுக் கதை சொல்லு" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

ஒரே ஒரு விஷயம். ஓரத்தில் இருந்தவருக்கு உன் ஆபீஸ் பெரியவர் நெருங்கிய சிநேகிதராம். "அவன்கிட்ட இதைச் சொல்லியே ஆகணும்" என்றார். பயப்படாதே, நல்ல மாதிரியாகத்தான் சொல்வார்.

நிபந்தனையை மீறினேன், ஒத்துக்கொள்கிறேன். இரண்டு நிமிடம்தான். ஆனால் நீயே யோசித்துப் பார், நீ இரண்டு பக்கம் எழுதியும் புரியாதது நான் செய்து காட்டியதும் புரிந்துவிட்டது. நீயும் அங்கே இருந்திருந்தால் சிரித்திருப்பாய் என் டைப்பு.

உன் அப்பா
(மறுபடியும் 417)


ஏப்ரல் 27

வேலைநீக்கக் கடிதம்

ஊழியர் எண்: 417
பதவி: அப்பா
பிரிவு: வீடு
சேர்ந்த தேதி: நான் பிறந்த அன்று

தங்கள் இதுநாள் வரையிலான சேவைக்கு நன்றி. இன்று முதல் தங்கள் சேவை தேவைப்படாது. தங்களிடம் உள்ள பின்வரும் பொருள்களை ஒப்படைக்கவும்:
என் பெயர். என் குரல்.

தயாரித்தவர்: மகள்

(கையால் எழுதியது)

பெரியவர் நேற்று என்னைக் கூப்பிட்டார். அறையில் நாலு பேர் இருந்தார்கள். என் பெயரைச் சொல்லச் சொன்னார். சொல்லி முடிக்கும் வரைக்கும் விடவில்லை.

இந்தக் கடிதம் தவறி வந்தது என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். என்னிடம் இருக்கும் நகலில் ஒன்பதாவது வரியைத் திருத்திவிட்டேன். எண் கொடுக்காவிட்டால் இப்போது அது நின்றுவிடும். எண்ணை நானே அடித்தேன்.

python notice.py 417

ஒப்புகைச் சீட்டை இணைத்திருக்கிறேன்.


மே 2

ஒப்புகைச் சீட்டு

கடிதம் பெற்றுக்கொண்டேன்.

எண்: 417
கையொப்பம்: அப்பா
குறிப்பு: ..............................................